மூன்று சுழி

டண்டினோங். சனிக்கிழமை, பத்தரை மணி.
வாடகை வகுப்பறையின் மின்விசிறி
சுற்றுவதாகப் பேர்.
கொப்பி திருத்துகிறேன்.
ஆரபியின் ஆய்த எழுத்து
வரிக்கு வரி குப்புற விழுந்து கிடக்கிறது:
மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"அது எழுத்தில்லை ரீச்சர், மூஞ்சி.
ரெண்டு கண், ஒரு மூக்கு.
எதிர்வீட்டுப் பூடில்."

பக்கத்தைப் புரட்டினால்
முழு நாயும் நிற்கிறது.
நெற்றியில் ஒரு கொத்து ண,
காதில் ண, நெஞ்சில் ண,
வால் நுனியில் இடம் போதாமல்
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏழெட்டு ண.
கணுக்காலில் மட்டும் இரண்டு சுழி ன.
"அங்க மயிர் கொஞ்சம் குறைவு."

போன மாதம் வீட்டுப்பாடத்தில்
"அன்னன் வந்தான்" என்று எழுதிய அதே பிள்ளை.

பத்துக்குப் பத்து போட்டேன்,
எந்தப் பாடத்துக்கென்று தெரியாமல்.

நவம்பரிலேயே வெயில் ஏறிவிட்டது.
திருமதி ஸ்டவ்ருலா நாயை
மயிர் வெட்டும் கடைக்குக் கூட்டிப்போனாராம்.
அடுத்த சனி
கொப்பியில் வேறொரு நாய்:
ட, ப, ட, ப,
எலும்பெல்லாம் மூலை மூலையாய்.
கண் இருந்தது. மூக்கு இருந்தது.
ஆரபி என் முகத்தைப் பார்க்கவில்லை,
அழிறப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினேன்.
முதுகின் நடுவே, எறும்பளவில்,
ஒரேயொரு எழுத்து முளைத்துக்கொண்டிருந்தது.
இரண்டு சுழி ஆகிவிட்டது.
மூன்றாவதற்குக்
காத்திருக்கிறேன், பேனாவை மூடிவிட்டு.