ஒரு பெட்டி ஆங்கிலம்

போன கோடையில் பனியாற்றை அளக்க வந்தவர்கள்
மறந்துவிட்டுப் போன பெட்டியில்
நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்.
முன்பக்கம் படம், பின்பக்கம் ஆங்கிலம்.
சொல் தெரிந்தவருக்கு அடுத்த முறை இரட்டைக் கூலி
என்று யாரோ கிளப்பிவிட,
நாரின் மலைகளின் கடைசி ஊரில்
அடுப்பெரியும் ஒரே பள்ளி அறையில்
குளிர்காலம் முழுக்க நாங்கள் மூவர்:
லாரி ஓட்டும் எசென்பெக்,
தபால் பிரிக்கும் சய்ராகுல்,
மாட்டு வைத்தியம் பார்க்கும் நான்.

ஆசிரியர் கிடையாது.
உச்சரிப்புக்கு எசென்பெக்கின் கைபேசி,
அதுவும் கொட்டகைக் கூரைமேல் ஏறினால்தான் பேசும்.
ஏறிக் கேட்டுவிட்டு
வாய்க்குள் அடக்கி இறக்கிக்கொண்டு வருவான்,
மொரைன், மொரைன், மொரைன் என்று.
ஏணியிலேயே பாதிச் சொல் சிந்திவிடும்.

பனியாற்றின் முனைக்கு 'டங்' என்று போட்டிருந்தது.
நாக்கு.
எங்களுக்கு நாக்கும் மொழியும் ஒரே சொல்: தில்.
மலை நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதாக
சய்ராகுல் வரைந்தாள்,
அதன் கீழே பல்வரிசையாக எங்கள் வீடுகள்.

நாற்பதாவது அட்டையில் பனிச்சுவர் உடைந்து
ஏரியில் விழுகிறது. காவிங்.
எல் எழுத்து உண்டு, ஒலிக்காது.
அகராதியைப் புரட்டினேன்: கன்று ஈனுதல்.
சிரிப்பு வந்தது. பிறகு கோபம்.
முழங்கை வரை கைவிட்டு
முந்நூறு கன்றுகளையாவது இழுத்தவள் நான்.
ஈன்றதை நக்க மறுக்கும் பசுவும் உண்டு,
கன்றின் முதுகில் உப்பைத் தடவிவிட்டால் நக்கும்.
இதற்கு நான் எங்கே தடவ?

அடுத்தது 'ரிட்ரீட்'. பின்வாங்குதல்.
எசென்பெக் பட்டாளத்தில் இருந்தவன்.
"பின்வாங்கினவன் எங்காவது உட்கார்ந்திருப்பான்.
இது எங்கே உட்கார்ந்திருக்கிறது?" என்றான்.
அடுப்பில் வறட்டி சரிந்தது.
பனியாற்றை நாங்கள் மோங்கு என்போம்,
என்றும் இருப்பது என்று அதற்கொரு பழம்பொருள் சொல்வார்கள்.
அந்த அட்டையை அடியில் செருகிவிட்டோம்.

ஜூனில் வந்தார்கள்.
வாசலில் வந்து நின்றபோதுதான் உறைத்தது:
சப்ளிமேஷன் தெரியும், உட்காருங்கள் தெரியாது.
செடிமென்ட் தெரியும், ரொட்டி தெரியாது.
இரட்டைக் கூலி கேட்க
பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை.
சய்ராகுல் தேநீரை நீட்டி
"மெல்ட் வாட்டர்" என்றாள்.
குடித்தார்கள்.

மூன்றாம் நாள் டோர்மோட் என்ற நெட்டை நார்வேக்காரன்
ஈரப் பாறையில் வழுக்கி
பூசணி முழங்காலோடு கிடந்தான்.
குதிரைக்குப் பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தேன்.
வெளிறிய முகம் என் வாயையே பார்த்தது.
நூற்றுப் பன்னிரண்டையும் துழாவினேன்.
"நோ கிரெவாஸ்."
"இன்சைட், லேக்."
"ஐஸ்... பெட்... ஸ்டேபிள்."
வலியை மறந்து வாய் பிளந்தான்.
இரண்டு விரல் நீட்டி, வாரம் என்பதற்குச் சொல் இல்லாமல்,
சூரியனைப் பதினான்கு முறை மறையவைத்துக் காட்டி,
அடியில் செருகியதை உருவினேன்:
"ரிட்ரீட்."

அவன் சிரித்ததில் கூடாரக் கயிறு அறுந்திருக்கும்.
வீக்கம் வடிந்தது, பன்னிரண்டே நாளில்.

ஆகஸ்டில்,
நாக்கின் நுனியில் போன வருடம் நட்ட கம்பம்
வெறும் கல்லுக்கு நடுவில் நின்றது.
லேசாக நொண்டியபடி டோர்மோட் நாடாவை இழுத்தான்.
எழுதும் வேலை எனக்கு.
எண்களுக்கு அட்டை இருக்கவில்லை,
அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன்.
எய்ட்டீன்.
கீழேயிருந்து எசென்பெக் கத்தினான்,
"எய்ட்டீனா, எய்ட்டியா? சரியாகக் கேள்!"

மறுபடி கேட்டேன்.
"எய்ட்டீன்" என்று கத்தினேன் கீழே,
"இந்த வருடம் எய்ட்டீன்."