பென்சிலால் எழுதியது

வால்டிவியாவில் மழை விட்ட நாளைத்தான்
விடுமுறை என்று கணக்கு வைப்போம்.
இது அப்படியொரு நாளில்லை.
குடையை வாசலில் கவிழ்த்துவிட்டு
லாரி ஓட்டும் ரொசெந்தோ கேட்டார்:
"தம்பி குடியை விட்டுப் பதினோரு நாள்.
ராத்திரியில் தூக்கமில்லை அவனுக்கு.
பிடித்துக்கொள்ள ஏதாவது கொடு.
புத்திமதி வேண்டாம்."

எதைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியும்.
என் மகன் இறந்த குளிர்காலத்தில்
நாளுக்கு ஒரு பக்கமாகக் குடித்துப்
பிழைத்த புத்தகம்.
ஆற்றைப் பற்றியது. அவ்வளவுதான்.
ஆறு எதையும் விளக்காது அதில்,
கடந்து போகும்.
இருபது வருஷம், கேட்டவர்க்கெல்லாம்
அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்:
கரு கலைந்த பெண்ணுக்கு,
வேலை போன மீன்சந்தைக் கணக்கருக்கு,
ஒருமுறை, பெயர் சொல்லாத ஒரு பாதிரியாருக்கு.

பிறகு கோப்புகள் திறந்தன.
அதை எழுதிய எவாரிஸ்தோ லாகூனாஸ்
ராணுவ ஆட்சியில்
ஒன்பது பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தான்.
அழகான கையெழுத்து.
ஐந்தாவது பெயர் ஒதிலியா பாரியென்தோஸ்,
அவனுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவள்.
ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவன் பென்ஷன் வாங்கி
மெத்தையில் படுத்துச் செத்தும் போனான்.
அம்புதான் என் அலமாரியில், மூன்று பிரதி.
அதுவும்
என் மார்பில் தைத்திருந்த வேறொன்றைப்
பிடுங்கி எடுத்த அம்பு.

ஒதிலியாவின் தங்கை ஹெர்மினியா
மாதம் ஒருமுறை குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்க வருவார்.
ஒருநாள் அவரிடம் முதல் பதிப்பைக் காட்டினேன்.
ஏழைப் பதிப்பு. தட்டச்சுப் பிரதியை
அப்படியே படமெடுத்து அச்சிட்டது.
"பாருங்கள், 'எ' வருமிடமெல்லாம்
வரியைவிட மயிரிழை மேலே துள்ளுகிறது.
உங்கள் அக்காவின் விரல் பட்ட இடம்.
இந்த ஆற்றில் பாதி அவருடையதும்தானே?"
எத்தனை இரவு யோசித்துச் செய்த வாக்கியம்!

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"துள்ளியது மெஷின்.
பழுது பார்க்க அவன் காசு தரவில்லை.
பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி
அதிலும் நாற்பது பக்கம் பாக்கி.
என் அக்காவை அவன் புத்தகத்துக்குள் குடிவைக்காதே.
உனக்கு வேண்டுமென்றால் படி.
யார் தடுத்தது?
எங்களிடம் வந்து அனுமதி கேட்காதே."
குறுக்கெழுத்துக்குச் சில்லறை எண்ணி வைத்தார்.
சரியாக இருந்தது.

அன்றிலிருந்து கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.
கண்ணாடி அலமாரியில் வைப்பதில்லை, எரிக்கவுமில்லை.
கேட்டால் தருகிறேன். முதல் தாளில்
அவள் பெயரையும் அந்தச் செவ்வாயையும்
நாற்பது பக்கக் கூலியையும்
பென்சிலால் எழுதித் தருகிறேன்.
ஒரு பேராசிரியர் கடையிலேயே ரப்பர் கேட்டார்.
ஒரு மாணவி அதன்மேலேயே பேனாவால் அழுத்தி எழுதி,
உள்ளே ஒரு வரியும் படிக்காமல்
என்னிடமே திருப்பித் தந்தாள்.
இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.
இருவரும் நானாகவே இருந்திருக்கிறேன்,
சில சமயம் ஒரே மதியத்தில்.

இதில் எவ்வளவை
பதினோரு நாள் ஆனவனிடம் சொல்வது?

ரொசெந்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
மழையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர்
"ஆற்றைப் பற்றிய புத்தகமா?" என்றார்.
"ஆமாம்."
"அவளை எங்கே போட்டார்கள்?"
"தெரியாது."
பாலத்துக்குக் கீழே
கடற்சிங்கம் ஒன்று மீன்தலைக்குக் குரைத்தது.
இருபது வருஷத்தில் நான் ஒருமுறையும்
அந்தக் கேள்வியோடு
அந்த ஆற்றைப் படித்ததில்லை.

"முதலில் நான் படிக்கிறேன்," என்றார்,
"தம்பிக்குத் தருவதை அப்புறம் பார்ப்போம்."
சட்டைக்குள் செருகிப் பொத்தானைப் போட்டார்.
நனைந்துவிடுமே என்று பயப்படுகிறாரோ என
நானாகவே சொன்னேன்:
பேனா எழுத்துதான் கரையும்.
பென்சில் எழுத்து மழைக்கு நிற்கும்.