எடை

களியக்காவிளைச் செக்போஸ்டில்
அது என் மூன்றாவது ஐப்பசி.
சீனாக்காரன் வெடித்துவிட்டான் என்று
வறுவேல் சாயக்கடை ரேடியோ
காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தது.
ஜெனீவாவில் யாரோ யாரையோ
வன்மையாகக் கண்டித்தார்கள்.
இனி நம் முறையா என்று கேட்டவனுக்கு
வறுவேல் பழைய பாக்கியை ஞாபகப்படுத்தினான்.

கடைசி பஸ்ஸில் ஞானப்பூ வந்தாள்.
ஏழு மாதம் என்றாள்.
போன மாதமும் ஏழுதான்.
முடிச்சு அவிழ்ந்ததும்
சிமெண்டுத் தரையெல்லாம் பிரசவம்.
"பாறசாலைல காசு குடுத்தாலும் கிட்டல்ல சாரே."
எழுதினேன்:
அரிசி, நான்கு பக்கா, பறிமுதல்.

அப்போதுதான் லாரி.
தார்ப்பாய் முடிச்சில் அரக்கு முத்திரை.
எங்கள் பிள்ளைகள் கால் புதைத்து
நண்டு தோண்டுகிற மணவாளக்குறிச்சி மணலில்
சலித்தெடுத்தது,
ஆலுவாய்க்குப் போகிறது.
மூட்டை எண்ண வேண்டாம் என்று உத்தரவு.
இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்தார்,
மணலுக்கா முத்திரைக்கா தெரியவில்லை.
டிரைவர் தீப்பெட்டி கேட்டான்.

வல்லரசுகளின் தராசை நான் கண்டதில்லை.
என்னிடம் இருந்தது
ஒரு தட்டின் அடியில் ஈயம் ஒட்டியது.
எதை வைத்தாலும்
சர்க்கார் பக்கமே
கொஞ்சம் சாயும்.

கம்பைத் தூக்கினேன்.
லாரி வெளிச்சத்தில் அவள் குனிந்து
சிதறியதைக் கூட்டி அள்ளினாள்.
தார்ப்பாய்க் கிழிசல் வழி
தேன்நிறத்தில் ஒரு கோடு
அவள் கைவரை உதிர்ந்திருந்தது.
அரிசியோடு அதுவும் போயிற்று மடியில்.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
மணலுக்குக் கட்டமே இல்லை.
வீட்டில் அரித்துத்தானே உலை வைப்பாள் என்று
விளக்கை அணைத்தேன்.