பகல் இரண்டு மணி, இருட்டு

பனி வாரும் வண்டியைக் கடைவாசலில் உறுமவிட்டு
உள்ளே வந்தாள் இங்குன்.
சட்டைப்பையில் அடங்க வேண்டும்,
கையுறையோடு அமுக்க வரவேண்டும்,
படம் மட்டும் என் போன் எடுப்பதைப்போல்
கஞ்சியாகக் கூடாது என்றாள்.

புது மாடலைத்தான் தள்ளிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி.
இருபது மெகாபிக்சல், முப்பது மடங்கு ஜூம்
என்று ஒப்பித்தேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"உள்ளே சென்சார் எவ்வளவு பெரிசு?"
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்,
அதிலும் பாதியை.

கதவைத் திறந்தாள்.
கிர்கெனெஸில் டிசம்பர்.
கரியைக் கரைத்து ஊற்றிய வானம்.
தெருவைப் பார்த்து ஒரு சொடுக்கு.
பெரிதாக்கினால்
இருட்டு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாய் எறும்பு,
பனியோ வழித்துப் பூசிய மாவு.

அலமாரியின் அடித்தட்டில்
விலைச்சீட்டு மஞ்சளேறிக் கிடந்த ஒன்றை
அவளே குனிந்து எடுத்தாள்.
பத்து மெகாபிக்சல். மூன்று வருடப் பழசு.
ஜூம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
அது
இருட்டை இருட்டாகவே விட்டுவைத்தது.
தெருவிளக்கின் கீழ் ஒவ்வொரு துகளும்
தனித்தனியே விழுந்துகொண்டிருந்தது.
எதிர்க்கடைப் பலகையில் உரிந்த வண்ணம்கூட.

மூன்றாவது படத்தில் அவள் விரல் நின்றது.
பெரிதாக்கினாள். இன்னும்.
"என் வண்டியில் பின்பக்க இடது விளக்கு
எரியவே இல்லையே!"
காலையிலிருந்து அறுபது கிலோமீட்டர்
அப்படியே ஓட்டியிருக்கிறாள்.

கேமராவுக்குப் பில் போட்டேன்.
பல்புக்கு, மூன்று கடை தள்ளி
ஓட்வாரின் பட்டறைக்கு வழி சொன்னேன்.
முதலாளியிடம் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.