முப்பத்தொன்பது வெள்ளிக் கடல்

பகாவ் டவுனில்
டயர்க்கடைக்கு மேல்மாடி.
இரத்தம் கழுவும் இடம்.
கட்டில்களுக்கு எதிர்ச்சுவரில்
மாட்டியிருக்கிறார்கள் ஒரு கலங்கரை விளக்கம்.

கான்வாஸ் துணி, பிளாஸ்டிக் சட்டம்.
பாறை, அலை, வெள்ளைத் தூண்,
உச்சியில் முட்டைக்கரு மஞ்சளில் ஒரு புள்ளி.
ஆள் இல்லை. படகு இல்லை.
இடது ஓரத்தில் விலைச்சீட்டு மட்டும் உரியாமல்:
முப்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

யார் தேர்ந்தெடுத்தார்களோ.
நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்,
ரசம் மோர் எல்லாம் அதற்குள்,
உப்பு அறவே ஆகாது
என்று சீட்டு எழுதிக்கொடுத்த
பதினொரு பேருக்கு முன்னால்
சுவர் நிறைய உப்புத்தண்ணீர்.

முதல் வாரம் அதைப் பார்த்துச்
சப்புக்கொட்டினேன். வெட்கமில்லை.
குலை லோரி ஓட்டியவன் நான்.
ஆறாம் கட்டைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு
நாளுக்கு நான்கு நடை,
நடைக்கு ஒரு பை ஐஸ் தேத்தண்ணி.
கடல் என்றால் எனக்குப்
போர்ட் டிக்சனில் ஒரு ஞாயிறு.
அன்றைக்கும் மழை.

ஏழாம் கட்டில் சுப்புராயுடுவுக்குப்
படத்தில் இருப்பது விடிகாலை.
பிரட்டுக்குப் போகும்போது இருக்குமே
அந்த வெளிச்சம் என்பார்.
ஒன்பதாம் கட்டில் ஆ கீட்
சாயங்காலம்தான் என்று பத்து வெள்ளி பந்தயம்.
நான்கு மணிநேரம் கையை அசைக்கக்கூடாது.
வாயை அசைக்கலாம்.
வாரம் மூன்று நாள், ஒன்றரை வருடமாய்ப்
பந்தயம் தீரவில்லை.

அன்னபாக்கியம் ஒருநாள் கேட்டாள்:
"அந்தத் தூணுக்குள்ள கக்கூஸ் இருக்குமா?"
எங்களில் பாதிப்பேருக்கு
அது தேவைப்பட்டு மாதக்கணக்காகிறது.
சிரித்த சிரிப்பில் என் ஊசி நகர்ந்து
இயந்திரம் கத்தியது.

கலங்கரை.
கலம், கரை.
காக்கை கரைந்தால் விருந்து வரும்.
உப்பு கரைந்தால் கால் வீங்கும்.
சொல் ஒன்றுதான்.

தீபாவளிக்கு முந்திய வியாழன், மூன்றாம் ஷிப்ட்.
செம்பனைகளுக்கு மேல் இடி.
கரண்ட் போனது.
கீழே ஜெனரேட்டர்
இரண்டுமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
பதினொரு இயந்திரங்களும் இருட்டில் அலறின.
குழாயில் நின்ற என் இரத்தம்
ஆறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்,
மூடாமல் வைத்த கறிக்குழம்பு மாதிரி.

மிஸ்ஸி நோர்ஹிடாயா
கைப்பேசியைப் பல்லில் கவ்விக்கொண்டு
பம்ப்பில் கைப்பிடி செருகிச் சுற்ற ஆரம்பித்தாள்.
அந்தக் கோடியில் புது மிஸ்ஸி தயாளினி.
மேலே ஓடிவந்த டயர்க்கடைப் பையனுக்கும் ஒன்று.
"கையக் கழுவு!" என்றது பல்லிடுக்கு.
சுற்றினாள். அடுத்த கட்டில். சுற்றினாள்.
அவள் நிமிரும்போதெல்லாம்
வெளிச்சம் திரும்பி வந்தது:
சுப்புராயுடு, இருட்டு,
போன மாதம் காலியான எட்டாம் கட்டில், இருட்டு,
ஆ கீட், இருட்டு,
நான்.

"கப்பல் எதுனா தெரியுதா?"
என்றார் சுப்புராயுடு.
"வாய மூடுங்க, மிஸ்ஸி எண்ணுது"
என்றாள் அன்னபாக்கியம்.

படத்தை யாரும் பார்க்கவில்லை.
ஒரேயொரு முறை வெளிச்சம் தவறி அதன்மேல் பட்டபோது
விலைச்சீட்டுதான் மின்னியது.

பதினேழு நிமிடம்.
விளக்கு வந்ததும் தயாளினி
சுவரோடு சாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.
பையன் கைப்பிடியை விடவே இல்லை,
விரல் விரலாய்ப் பிரித்து எடுத்தார்கள்.
ஊசி கழற்றியபின் ஆ கீட்
பத்து வெள்ளி நோட்டு ஒன்றைச்
சுப்புராயுடுவின் போர்வையில் வைத்துவிட்டுப் போனான்.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

தராசில் ஏறினேன்.
இரண்டு கிலோ நானூறு குறைவு.
அத்தனையும் தண்ணீர்.

கீழே ஒட்டுக்கடையில்
ஐஸ்கட்டி கேட்டேன், ஒன்றே ஒன்று.
அதையும் கணக்கில் எழுத வேண்டும்.
நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு
வேனில் ஏறி
ஆறாம் கட்டை வரைக்கும்
பேசாமல் வந்தேன்,
கரைந்துவிடக்கூடாதென்று.