சான்றுப் பொருள்

பருத்தித்துறை நீதிமன்றக் களஞ்சியத்தில்
கேரளக் கஞ்சாப் பொதிகளுக்கு
இலக்கம் ஒட்டுவது என் உத்தியோகம்.
கடலில் ஊறிவந்த சாக்கு மணம்
சவர்க்காரத்துக்கும் போகாது.

வீட்டில்
ஜனுசிகாவின் நாக்கடியில் மூன்று சொட்டு.
மச்சாள் கனடாவிலிருந்து
உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.
அதே செடி.
வெறிக்காத பங்கை மட்டும் பிரிச்செடுத்ததாம்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஓம் என்றும் சொல்லேல்லை, வேண்டாம் என்றும் சொல்லேல்லை.
“குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதையுங்கோ.”

கொப்பியில் வலிப்புக்கு ஒரு கோடு.
போன மாதம் பதினொன்று, இந்த மாதம் ஏழு.
எண்ணெயோ, மழை விட்டதோ, ஆர் கண்டது.

நேற்று மிக்சி இரைய
காதைப் பொத்தாமல் இருந்தாள்,
சோடா மூடிகளை நிறம்நிறமாய் அடுக்கியபடி.

இன்றைக்கு
வேலையால் வந்த என் கையை
எடுத்து மணந்து பார்த்துவிட்டு
வாயைத் திறந்தாள்.