தொழில் என்ற கட்டம்

முதலில் கொசுக்கடி என்றுதான் நினைத்தேன்.
சஜாவின் உப்புக் காற்றில் கொசு எங்கே,
இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் கொப்புளம்.
ஐந்தாம் நாள் நடுவில் கறுப்பு,
அடுப்பிலிருந்து தெறித்த கரி
மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டதுபோல்.
வலியில்லை.
வலிக்காததற்கு எப்படி லீவு கேட்பது?

பக்ரீத் முடிந்து பதினோரு நாள்.
ஷெட்டில் கூரைவரை தோல்.
பெர்பெராவிலிருந்து உயிரோடு கப்பலேறியவை,
எங்கிருந்து என்று யாரும் சொல்லாதவை.
உப்பை உதறி, மயிர்ப்பக்கம் தடவி,
ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், ஓட்டை.
குல்பாஸ் எண்ணுவான், நான் பிரிப்பேன்.
இரண்டு பேருக்கும் ஒரே ஜோடிக் கையுறை,
வாரம் மாற்றி வாரம்.
அது அவன் வாரம்.

சூடான்கார டாக்டர் முந்தஹா
தொடாமல் குனிந்து பார்த்தார்.
"ஜம்ரா" என்றார். தணல்.
எங்களூர் மாட்டு டாக்டர் இதை
அடைப்பான் என்பார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மருந்து சொட்டி முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்:
நூற்றைம்பது வருஷம் முன்பு
இதே வளைகுடாத் துறைகளில் ஏறிய கம்பளிப் பொதி
இங்கிலாந்து மில்லில் அவிழ்ந்தது.
அவிழ்த்தவர்கள் திங்களன்று இருமினார்கள்,
வியாழனன்று புதைக்கப்பட்டார்கள்.
தோல் சுமந்து கழுத்து கறுத்த துறைமுகக் கூலிகள்.
ஆஸ்திரியாவில் கந்தல் பிரித்த பெண்கள்.
கம்பளி பிரிப்போர் நோய், கந்தல் பிரிப்போர் நோய்:
எந்த வேலை கொன்றதோ
அந்த வேலையின் பெயரையே வைத்துவிட்டார்களாம்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு படிவம்.
தொழில் என்ற கட்டத்தில்
அட்டையைப் பார்த்து எழுதினாள் கவுன்டர்ப் பெண்:
தையல்காரர்.
விசா அப்படித்தான் கிடைத்தது.
ஏழு வருஷத்தில் ஒரு பட்டன் தைத்ததில்லை.
தையல்காரருக்குத் தொழிலால் தணல் வராது,
ஆகவே நஷ்டஈடு இல்லை.
ஒன்பது நாள் சம்பளம் பிடித்தம்.

இமிக்ரேஷனுக்குத் தெரியாது
நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று.
ஊரில் ஸ்டெல்லாவுக்கும் தெரியாது,
ஏசி ரூமில் மெஷின் மிதிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.
ஏதோ ஒரு மேய்ச்சல் மண்ணில் எத்தனையோ வருஷம்
பட்டினியாய்ப் படுத்துக் கிடந்து
தோல் மடிப்பில் கடல் தாண்டி
என் கீறலில் இறங்கிய அதற்குத்
தெரிந்திருந்தது.

பதினேழாம் நாள் பொருக்கு உதிர்ந்தது.
மறுநாள் ஷெட்.
"இந்த வாரமும் நீயே போட்டுக்கோ"
கையுறையை நீட்டினான் குல்பாஸ்.
கட்டைவிரல் பிரிந்திருந்தது.
ஊசியும் நூலும் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.